சென்னைப் பழைய வீடுகளின் தண்ணீர்க் குழாய்கள்: பழுதும் பழுதுபார்ப்பும் – ஒரு வரலாறு

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன், ராயபுரம் போன்ற சென்னையின் பழைய பகுதிகளில் ஒரு வீட்டுக்குப் பழுதுபார்க்க வரும் பிளம்பர், பைப் ரிஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: “இது மெட்ரோ லைனா, போர் லைனா?” பல வீடுகளில் வீட்டுக்காரருக்கே பதில் தெரியாது. சுவரோரமாக நான்கு குழாய்கள் ஓடும். ஒன்றில் தண்ணீர் வரும், ஒன்றில் எப்போதாவது வரும், மற்ற இரண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று சொல்ல ஆள் இருக்காது.

காரணம் எளிது. இந்த வீடுகளில் குழாய் வேலை ஒரே நாளில், ஒரே திட்டப்படி நடந்ததில்லை. கிணறு மட்டும் இருந்த வீட்டுக்கு ஒரு குழாய் வந்தது. அதில் தண்ணீர் ஏறாதபோது அடி பம்பு வந்தது. பிறகு தரையடித் தொட்டியும் மோட்டாரும், பிறகு மொட்டைமாடியில் கருப்புத் தொட்டி, பிறகு ஆழ்துளைக் கிணறு. முந்தையது கைவிட்டபோதெல்லாம் புதியது ஒன்று சேர்ந்தது. முந்தையதை யாரும் பிடுங்கிப் போடவில்லை. ஆகவே ஒரு பழைய வீட்டுக் குழாயின் பழுதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த நகரத்துக்குத் தண்ணீர் வந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழுது வீட்டில் தெரிகிறது. அதன் வேர் பெரும்பாலும் தெருவில் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் குழாயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். கல்வராயன் மலையிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் உடைத்துத் திறக்கும் சுவர்களுக்குள் என்ன இருக்கிறது என்பது நமக்கும் தெரிய வேண்டிய செய்திதான். இன்னொன்று, சென்னை நூறாண்டில் ஏறிய படிகளை நம் ஊர்கள் இருபது முப்பது ஆண்டுகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

குழாய் வருவதற்கு முன்

கடற்கரை மணலில் கிணறு தோண்டினால் சில அடிகளிலேயே தண்ணீர் கிடைக்கும். அதுவும் நல்ல தண்ணீராக இருக்கும். கடல் இவ்வளவு அருகில் இருந்தும் கிணற்று நீர் ஏன் உப்புக் கரிப்பதில்லை? மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. அது மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கைபன் என்ற டச்சுக்காரரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே ஒரு கணக்குச் சொன்னார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல நீர் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் குறைத்தால், அடியிலிருந்து உப்பு நீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறும். வட சென்னைக்கு அப்பால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் புகுந்தது இப்படித்தான்.

பழைய வீட்டின் அமைப்பும் கிணற்றை ஒட்டியே இருந்தது. தெருவில் திண்ணை, உள்ளே முற்றம், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் கொல்லைப்புறத்தில் கிணறு, கடைசிக் கோடியில் கழிப்பிடம். தண்ணீர் குடத்தில் வந்து குடத்திலேயே செலவழிந்தது. குளிப்பது கிணற்றடியில், துவைப்பது கிணற்றடிக் கல்லில். அங்கே பழுது என்றால் ராட்டினம் தேய்வது, கயிறு அறுவது, வாளி உள்ளே விழுவது ஆகியவைதான். விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டியை ஒரு வீட்டுக்காரர் வைத்திருப்பார். தெருவே இரவல் வாங்கும்.

மக்கள் நெருங்கிய இடத்தில் கிணறு போதவில்லை. கோட்டைக்கு வடக்கே 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் பொறுப்பில் கிணறுகள் வெட்டி, அங்கிருந்து ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். வெட்டியவை பத்து, பயன்பட்டவை ஏழு என்பார்கள். ‘ஏழு கிணறு’ என்ற பெயர் இன்றும் அந்தப் பகுதிக்கு இருக்கிறது. நாளுக்குச் சுமார் 6.35 லட்சம் லிட்டர் தண்ணீர் தந்த இந்த ஏற்பாடுதான் நகரின் முதல் பாதுகாக்கப்பட்ட குடிநீர் ஏற்பாடு. அது முதலில் எண்ணியது கோட்டைக்குள் இருந்தவர்களைத்தான் என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்துக் கடற்கரையான புதுச்சேரியிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், ஊருக்கு மேற்கே உள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுச் சின்னம். தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் பெயர் அதற்கு. ஆயி கதை செவிவழிக் கதை. ஆனால் குடிநீர் கொண்டுவந்த செயலுக்கு ஒரு பெண்ணின் பெயரால் மண்டபம் எழுப்பியது அபூர்வம்தான்.

1872, 1914

1866இல் வில்லியம் ஃப்ரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் தந்தார். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்புவது. புழலிலிருந்து கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்து, வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் விடுவது. 1872இல் இது நடைமுறைக்கு வந்தது. சென்னையில் முறையான குழாய் நீர் தொடங்கிய ஆண்டு அதுதான். ஆனால் வந்தது ஏரித் தண்ணீர் அப்படியே; வடிகட்டவில்லை. திறந்த மண் கால்வாயில் ஓடி வந்த நீர் என்னென்ன சுமந்து வந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

வடிகட்டிய நீருக்கு 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் திறந்த கால்வாய்க்குப் பதிலாக மூடிய செங்கல் கால்வாய் அமைத்து, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் கட்டினார். தியாகராய நகரின் மேட்லி சாலை அவர் பெயரால் அமைந்தது.

தெருவுக்கடியில் ஓடிய அந்த வார்ப்பிரும்புக் குழாய்களை இணைத்த முறை கவனிக்கத்தக்கது. ஒரு குழாயின் முனையை இன்னொன்றின் அகன்ற வாய்க்குள் செருகி, இடைவெளியில் சணல் திரியை அடித்து இறுக்கி, அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஆறியதும் உளி போன்ற கருவியால் ஈயத்தைச் சுற்றிலும் தட்டி இறுக்குவார்கள். ஈயத்துக்கு லத்தீன் மொழியில் ‘ப்ளம்பம்’ என்று பெயர். ‘பிளம்பர்’ என்ற சொல் அதிலிருந்து வந்தது: ஈயத்தொழிலாளி. ரோமாபுரியில் வீட்டுக் குழாயே ஈயத்தால் ஆனது. ஈயக் குழாயைவிடச் சுட்ட மண் குழாய் உடம்புக்கு நல்லது என்று விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். ஈய வேலை செய்பவர்களின் வெளிறிய முகத்தைச் சான்றாகக் காட்டினார். கி.பி. 97இல் ரோமின் நீர் ஆணையராக இருந்த ஃப்ரன்டினஸ், பொதுக் குழாயில் திருட்டு இணைப்பு எடுப்பவர்களைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். நம் ஊர் நகராட்சி அலுவலர் யாரும் அவரோடு மனம்விட்டுப் பேசியிருக்கலாம்.

தெருக்குழாயிலிருந்து வசதியுள்ள வீடுகளுக்கு மட்டும் இணைப்புக் கிடைத்தது. மற்றவர்களுக்குத் தெருமுனைக் குழாயடி. வீட்டுக்குள் வந்த குழாயும் பெரும்பாலும் ஒன்றே: முற்றத்திலோ கொல்லையிலோ ஒரு பித்தளைக் குழாய்வாய். அடுக்களைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்ற பேச்சே அப்போது இல்லை. இணைப்புகள் குறைவு, ஆகவே ஒழுக்கும் குறைவு. பழைய குழாய் உழைத்தது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. இரும்பு தடித்தது என்பது ஒரு காரணம். அதற்கு வேலை குறைவு என்பது இன்னொரு காரணம்.

இரண்டு வகை உப்பு

வீட்டுக்குள் வந்தது ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். ஆனால் குழாயை இணைக்க அதன் முனையில் மரை வெட்ட வேண்டும். மரை வெட்டும்போது அந்த இடத்தில் பூச்சு போய்விடுகிறது. இரும்பின் தடிப்பும் குறைகிறது. ஆகவே ஜி.ஐ. குழாய் நடுவில் உடைவதைவிட எல்போ, டீ, சாக்கெட் உள்ள இடங்களில் ஒழுகுவதே அதிகம். மரையில் சணல் நூலைச் சுற்றி, அதன்மேல் பெயின்ட் தடவி முடுக்குவது பழைய முறை. ஊறிய சணல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இப்போது வெள்ளை டெஃப்லான் டேப் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

கடற்கரை ஊரில் இந்த இரும்புக்கு எதிரி இரு பக்கமும் உண்டு. வெளியே உப்புக்காற்று, உள்ளே குளோரைடு மிகுந்த தண்ணீர். இரும்புக் குழாயோடு பித்தளை வால்வைச் சேர்த்தால் உப்பு நீரில் அந்த இரண்டும் சிறு மின்கலம் போலாகின்றன, அரிபடுவது இரும்பு. பள்ளியில் எலுமிச்சம் பழத்தில் துத்தநாகத் தகட்டையும் செப்புக் கம்பியையும் செருகிச் செய்யும் சோதனைதான், சுவருக்குள் சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலும் “உப்புத் தண்ணி, பைப்பு அடைச்சிக்கிச்சு” என்பார்கள். இது வேறு உப்பு. பாறை இடுக்குகளிலிருந்து வரும் ஆழ்துளை நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அவை குழாயின் உட்புறம் வெள்ளைக் காரையாகப் படிந்து துவாரத்தைச் சுருக்கும். ஹீட்டர் சுருளிலும் சோற்றுப் பானையின் அடியிலும் பார்ப்பது அதைத்தான். கடற்கரை உப்பு குழாயைத் தின்கிறது. மலையடிவாரத்து உப்பு குழாயை அடைக்கிறது. முன்னதற்குக் குழாயை மாற்ற வேண்டும். பின்னதை ஆரம்பத்திலேயே கவனித்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். சென்னைக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் நம் பிள்ளைகள் இந்த வேறுபாட்டை அனுபவத்தில் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

அடி பம்பு

1910இல் சென்னையின் கழிவுநீர் அமைப்பைத் திட்டமிட்டவர்கள், 1961இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிந்தது. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதைப் பார்க்க உயிரோடு இல்லை, பெயர் மட்டும் அதற்கு வைக்கப்பட்டது. அதன் பிறகும் நீர் போதவில்லை. குழாயில் அழுத்தம் குறைந்தது. தண்ணீர் நாள் முழுதும் வராமல், குறித்த நேரத்தில் மட்டும் வந்தது.

அழுத்தம் குறைந்தபோது வீட்டுக்காரர்கள் முதலில் செய்தது குழாயைக் கீழே இறக்குவது. முற்றத்தில் இடுப்பளவு உயரத்தில் இருந்த குழாய் முழங்காலளவுக்கு இறங்கியது. பிறகு தரையில் குழி வெட்டி அதற்குள் போனது. குழியிலும் வராதபோது அதே மாநகராட்சிக் குழாயின் தலையில் ஒரு அடி பம்பைப் பொருத்தினார்கள். நம் பக்கத்தில் அடி பம்பு என்றால் நிலத்தடி நீரை இறைப்பது. சென்னையில் அது தெருக்குழாயை உறிஞ்சுவது. வேறு ஊர்க்காரர்கள் முதலில் பார்க்கும்போது குழம்பிப் போவார்கள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்தப் பம்பும் குடமும் அந்தக் காலச் சென்னையும் நன்கு தெரியும்.

இந்தப் பம்பின் உள்ளே பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஒரு உருளை, கைப்பிடியோடு ஏறி இறங்கும் தண்டு, தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷர், அடியில் ஒரு வழி வால்வு. தோல் ஈரத்தில் ஊறி உருளையோடு ஒட்டி நிற்கும்போதுதான் உறிஞ்சும். காய்ந்து சுருங்கினால் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடிக்க வேண்டும். காற்றின் அழுத்தம் நீரை அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரம்தான் தள்ளும் என்ற பாடத்தை மாணவர்கள் படித்திருப்பார்கள். தேய்ந்த வாஷரோடு நடைமுறையில் ஆறேழு மீட்டர் கிடைத்தால் நல்லது. வாஷர் மாற்றுவதற்கென்றே தெருத் தெருவாகச் சைக்கிளில் போனவர்கள் இருந்தார்கள். ஒரு ஸ்பேனர், கொஞ்சம் தோல், கொஞ்சம் கிரீஸ். ஆனாலும் கோடைக்காலத்தில் அவர் வரும் நாளைப் பொறுத்துத்தான் ஒரு வீட்டின் சமையல் நடந்தது.

இங்கேதான் உயிர்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியே தண்ணீர் வெளியே போகும். நஷ்டம் தண்ணீர் மட்டுமே. குழாய் காலியாக இருக்கும்போது, அதிலும் யாராவது பம்பால் உறிஞ்சும்போது, அதே ஓட்டை வழியே வெளியில் இருப்பது உள்ளே வரும். பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அடுத்தடுத்தே ஓடுகின்றன. பத்து வீட்டில் பத்துப் பம்பு உறிஞ்சினால், நடுவில் எங்கோ உள்ள துருப்பிடித்த ஒரு இணைப்பு சாக்கடையைக் குடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். காய்ந்த பம்புக்கு ஊற்றும் தண்ணீரும் எந்த வாளியிலிருந்து வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பிறகு பம்பின் இடத்துக்கு மின்மோட்டார் வந்தது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்துவது சட்டவிரோதம். அடுத்த வீட்டுத் தண்ணீரைப் பறிப்பது என்ற குற்றத்தைத்தான் பலரும் அதில் பார்க்கிறார்கள். அடுத்த வீட்டுக்கு நோயை இழுத்துவிடுவது என்ற குற்றம் அதைவிடப் பெரிது.

ஒரு வீட்டின் பழுது ஒரு தெருவையே கொல்லும் என்பதற்கு உலகறிந்த சான்று லண்டன் பிராட் தெரு. 1854இல் அங்கே காலராவில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தெருவிலிருந்த அடி பம்புதான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டியது எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. அடுத்த பகுதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தப் பம்புக்குப் பக்கத்து வீடான 40ஆம் எண் வீட்டில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கால் இறந்திருந்தது. துணியலசிய நீர் வீட்டின் கழிவுத்தொட்டியில் கொட்டப்பட்டது. பிறகு தோண்டிப் பார்த்தபோது அந்தத் தொட்டியின் செங்கற்கள் இற்றுப்போயிருந்தன. கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே இருந்தது மூன்றடிக்கும் குறைவு. ஒரு பழைய வீட்டில் யாரும் பழுதுபார்க்காத செங்கல் சுவர், அவ்வளவுதான்.

தொட்டியும் கூரையும்

1978இல் சென்னைக் குடிநீர் வாரியம் அமைந்தது. ‘கார்ப்பரேஷன் தண்ணீர்’ ‘மெட்ரோ வாட்டர்’ ஆயிற்று. நேரம் வைத்து வரும் நீரைப் பிடித்து வைக்கத் தரைக்கடியில் சம்ப் எனப்படும் தொட்டி கட்டுவது வழக்கமாயிற்று. தெருக்குழாயிலிருந்து நீர் தானாகச் சம்பில் இறங்கும். மோட்டார் சம்பிலிருந்து மட்டும் எடுக்கும். முறையாகச் செய்தால் இது அடி பம்பைவிடப் பாதுகாப்பானது, தெருக்குழாயை யாரும் உறிஞ்சுவதில்லை. ஆனால் இடமில்லாத பழைய வீடுகளில் சம்ப் எங்கே கட்டப்பட்டது? கழிவுநீர் ஓடை போகும் அதே நடையில்தான்.

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி 1970-களில் குஜராத்திலிருந்து வந்தது. சின்டெக்ஸ் என்ற வணிகப் பெயரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. இரண்டு பேர் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகக்கூடிய தொட்டி. ஆனால் 1000 லிட்டர் தண்ணீர் நிரம்பினால் அதன் எடை 1 டன். பழைய சென்னை வீட்டின் மாடி, மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் கூரை: தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, மேலே தட்டோடு பதித்தது. மனிதர் நடமாடவும் வடாம் காயவைக்கவும் அது போதும். ஒரே இடத்தில் 1 டன் நிற்பதற்கு அது கட்டப்படவில்லை. தொட்டியைச் சுவர் தாங்கும் இடத்துக்கு மேலே வைத்தாரா, அறையின் நடுவில் வைத்தாரா என்பதில் பிளம்பரின் தேர்ச்சி தெரிந்துவிடும்.

தொட்டியடியில் சொட்டும் நீர் காரைக்குள் இறங்கி உத்திரத்தின் முனையைச் சேரும். மரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் உளுப்பது வெளியே தெரியாது. சுவரில் ஈரம் தெரிந்ததும் சிமென்ட் பூசுவார்கள், அதுதான் தவறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே அடைக்கும். ஈரம் இன்னும் மேலேறி வேறொரு இடத்தில் தலைகாட்டும். குழாய் ஒழுக்கைச் சரிசெய்யாமல் சுவரைச் சரிசெய்வது இந்த வீடுகளில் மிகச் சாதாரணமாக நடப்பது.

2003–04 வறட்சியில் ஏரிகள் வற்றி, சென்னையின் குழாய் விநியோகம் ஏறத்தாழ ஓராண்டு நின்றே போனது, லாரித் தண்ணீர்தான். இரும்புக் குழாய் எப்போதும் நிறைந்திருந்தால் மெதுவாகத் துருப்பிடிக்கும். ஈரமும் காற்றும் மாறி மாறிப் பட்டால் வேகமாகத் துருப்பிடிக்கும். காய்ந்து கிடந்த குழாய்களில் மீண்டும் நீர் வந்தால் முதலில் வருவது செந்நிறத் துருப்பொடி. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது பழைய வீடுகளுக்கு ஒரு வகையில் நன்மை. குப்பைக்குழியாகிப் போயிருந்த கொல்லைக் கிணறுகள் பல தூர்வாரப்பட்டன. கூரைநீர்க் குழாய் கிணற்றில் விடப்பட்டது. 2019 கோடையில் மீண்டும் ஏரிகள் வற்றின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்போது அந்தக் கிணறுகளை வைத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

சாக்கடைப் பக்கம்

நல்ல தண்ணீரைப் பற்றி எழுதுவோர் பலர். அது வெளியே போகும் வழியைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்த வரலாறு பாதிதான்.

பழைய வீடுகளின் பின்புறத்தில் ஒரு குறுகிய சந்து இருக்கும். உலர் கழிப்பிடத்திலிருந்து மலத்தைக் கையால் அள்ளிச் செல்ல வருபவர்கள் வீட்டின் முன்பக்கமாக வரக்கூடாது என்பதற்காகவே அந்தச் சந்து. யார் வந்தார்கள், எந்தச் சாதியைச் சேர்ந்தவர்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. கழிவுநீர்க் குழாய் வந்ததும் அந்தச் சந்துகளில் மெருகிட்ட மண் குழாய்கள் பதிக்கப்பட்டன. மரத்தின் வேர் அந்தக் குழாயின் இணைப்பைத் தேடிப் புகும். மண் இறங்கினால் குழாய் விரியும். அடைத்துக்கொண்டால் ஒருவர் மூங்கில் பிளாச்சோடு வர வேண்டும், அல்லது உள்ளே இறங்க வேண்டும்.

கையால் மலம் அள்ளுவதை 1993 சட்டம் தடைசெய்தது. 2013 சட்டம் சாக்கடைக் குழியிலும் கழிவுத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. குழியில் திரளும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது. ஆனால் அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுகிறார், காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். வீட்டுக் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய ‘ஒரு ஆளைக் கூப்பிடு’ என்று சொல்லும் வீட்டுக்காரரும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவரே. உறிஞ்சு லாரியைக் கூப்பிட வேண்டும், ஆளை அல்ல.

பிளம்பர் என்றால் நாற்காலி போடுவோம், காபி கொடுப்போம். அடைப்பு எடுக்க வருபவருக்குப் பின்பக்கக் கதவு. இரண்டும் ஒரே வீட்டுக் குழாயின் இரண்டு முனைகள்.

வேலை தெரிந்தவர்கள்

வீட்டு இணைப்பு வேலையை உரிமம் பெற்ற பிளம்பர்தான் செய்ய வேண்டும் என்பது நெடுங்கால விதி. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும்; வேலையை அவரிடம் கற்றுக்கொண்ட பையன்கள் செய்வார்கள். தொழில் இப்படிக் கைமாறித்தான் வந்தது. ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பயிற்சி உண்டு. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்திலிருந்து நாடு முழுக்கப் பிளம்பர்கள் போயிருக்கிறார்கள். அங்கே பட்டாமுண்டாயில் அரசே குழாய்த் தொழிலுக்கென ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. ஒரு மாவட்டமே ஒரு தொழிலில் பெயரெடுத்த கதை அது. நம் மாவட்டத்தில் யாராவது இதைக் கவனித்துப் பார்த்தால் நல்லது.

பி.வி.சி. குழாய் வந்தபின் தொழிலின் முகம் மாறியது. மரை வெட்டும் டையும் வைஸும் வேண்டாம்; ரம்பத்தால் அறுத்து, பசை தடவி, செருகினால் முடிந்தது. துருப்பிடிக்காது, விலை குறைவு. கடற்கரை வீட்டுக்கு இது வரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும், வெந்நீருக்கு சி.பி.வி.சி. வேண்டும். பசையால் ஒட்டியதைக் கழற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும். பி.வி.சி. குழாயை நிலைப்படுத்தச் சேர்க்கப்பட்டு வந்த ஈயச் சேர்மங்களைக் கட்டுப்படுத்த 2021இல்தான் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஈயத்தின் பெயரால் பெயர் பெற்ற தொழில், ஈயத்தை முழுதாக விட்டு விலக இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் 2014இல் செலவைக் குறைக்க நீர் மூலத்தை மாற்றினார்கள். அரிக்கும் தன்மையுள்ள அந்த நீர் பழைய ஈயக் குழாய்களைக் கரைத்து வீடுகளுக்குள் கொண்டுவந்தது. பழைய குழாய் சும்மா கிடக்கிறது என்று நினைக்கக்கூடாது.

சென்னை வீடுகளில் சும்மா கிடக்கும் குழாய்கள் ஏராளம். சுவரை உடைக்க மனமில்லாமல் பழைய ஜி.ஐ. குழாயை உள்ளேயே விட்டு, புதிய பி.வி.சி.யை வெளிச்சுவரில் ஓட்டுகிறார்கள். இதில் தவறில்லை, காரைச் சுவரைக் கொத்தாமல் இருப்பது நல்லதே. பழைய குழாயை எங்கே துண்டித்தார்கள் என்பதுதான் கேள்வி. குழாய்வாயில் ஒரு மூடி போட்டால் போதும் என்று விட்டால், உள்ளே தேங்கிய நீர் அழுகியபடி புதிய குழாயோடு தொடர்பிலேயே இருக்கும். போர் லைனும் மெட்ரோ லைனும் ஏதோ ஒரு பழைய டீயில் இன்னும் சேர்ந்திருக்கும்; போர் மோட்டார் ஓடும்போது கரிப்புத் தண்ணீர் குடிநீர்ச் சம்புக்குள் போகும். ஒழுகும் இடத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறவர் அரை மணியில் முடித்துவிடுவார். தெரிந்தவர் ஒரு லைனை மூடி, எந்தெந்தக் குழாய் நிற்கிறது என்று பார்த்து, அடுத்ததை மூடி, சுவரில் கரித்துண்டால் குறித்து, இறந்த குழாயை அது பிரியும் இடத்திலேயே அடைப்பார். அதற்கு அரை நாள் ஆகும், கூலியும் கூடும், வீட்டுக்காரர் முணுமுணுப்பார்.

கலப்பு இருக்கிறதா என்று மாணவர்களே பார்க்க ஒரு வழி உண்டு. குடிநீரில் மீதக் குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டி பல பள்ளிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் இருக்கிறது. தண்ணீர் வரும் நேரத்தில் தெருமுனைக் குழாயில் ஒரு குழல் நீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதே நேரத்தில் வீட்டுக்குள் தெருக்குழாய் வந்து சேரும் முதல் குழாய்வாயில் பிடித்துப் பார்க்க வேண்டும். சம்பிலிருந்தோ மாடித் தொட்டியிலிருந்தோ பிடிக்கக்கூடாது. தேங்கிய நீரில் குளோரின் தானாகவே குறையும். தெருவில் மஞ்சளும் வீட்டில் வெறும் தண்ணீர் நிறமும் என்றால், இடையில் உள்ள குழாயில் எதுவோ அந்தக் குளோரினைத் தின்றிருக்கிறது. தோண்ட வேண்டிய இடம் அதுதான்.